எலியின் வயதும் தூண்டு மருந்தும்: நடத்தை ஆய்வுகளைப் படிக்கவும் திட்டமிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"எலிகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தார்கள், ஓட்டம் கூடியது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், நான் முதலில் தேடுவது டோஸை அல்ல. அந்த எலி பிறந்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்பதைத்தான். 15 நாள் குட்டி, 35 நாள் இளம் எலி, 90 நாள் வளர்ந்த எலி மூன்றும் ஒரே கூண்டில் இருந்தாலும் மூளையளவில் மூன்று வேறு பிராணிகள். ஒரே மருந்து மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

இங்கே தூண்டு மருந்து என்று நான் சொல்வது மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் போன்றவற்றை. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. நிலைக்குக் குழந்தைகளுக்கு எழுதித் தரப்படும் மருந்துகள் இவை. வளரும் மூளையில் இவை என்ன செய்கின்றன என்ற கேள்வி அதனால்தான் இத்தனை முக்கியமாகிறது. ஆய்வைப் படிக்கும் மாணவருக்கும், புதிதாக ஒரு சோதனையைத் திட்டமிடுபவருக்கும், தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பயந்துபோன பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதைப் படிப்படியாக எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். "வயது வித்தியாசம்" என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மருந்து கொடுத்தபோது எலிக்கு என்ன வயது என்பது ஒன்று. நடத்தையை அளந்தபோது என்ன வயது என்பது இன்னொன்று. இந்தத் துறையில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்தவை.

படி 1: வயதை நாள் கணக்கில் எழுதுங்கள்

"இளம் எலி", "குட்டி எலி" என்ற சொற்களை நம்பாதீர்கள். ஒருவர் 25 நாள் எலியை இளம் எலி என்பார், இன்னொருவர் 50 நாள் எலியை அப்படியே அழைப்பார். பிறந்த நாளைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு நாளை எண்ணுங்கள். பிறந்த நாளையே 1 என்று எண்ணும் ஆய்வகங்களும் உண்டு, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 21ஆம் நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது வழக்கம். 28 முதல் 42ஆம் நாள் வரையிலான இரண்டு வாரத்தை வளரிளம் பருவம் என்று எடுத்துக்கொள்வது பரவலான நடைமுறை. லிண்டா ஸ்பியர் 2000ஆம் ஆண்டு எழுதிய விரிவான மறுஆய்வுக் கட்டுரை இந்த வரையறையை நிலைநிறுத்தியது. பெண் எலி 30களின் நடுவிலும் ஆண் எலி 40களின் தொடக்கத்திலும் பூப்படைகின்றன. ஆகவே ஒரே 38ஆம் நாளில் பெண்ணும் ஆணும் ஒரே கட்டத்தில் இல்லை. 60 நாளுக்கு மேல் போனால் பெரும்பாலானோர் அதை வளர்ந்த எலி என்பார்கள்.

வளரிளம் பருவம் இரண்டே வாரம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வாரம் தாமதமாகத் தொடங்கிய சோதனை, பாதிப் பருவத்தைத் தவறவிட்ட சோதனை.

படி 2: மருந்து எதைத் தொடுகிறது, அது எந்த வயதில் எவ்வளவு இருக்கிறது

டோபமைன், நார்எபினெஃப்ரின் இரண்டும் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள். நரம்பு முனையிலிருந்து வெளியான இவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் அந்தப் புரதங்களை அடைத்துவிடுகிறது. ஆம்ஃபெட்டமைன் ஒரு படி மேலே போய், நரம்பு முனைக்குள்ளேயே நுழைந்து, சேமிப்புப் பைகளிலிருந்து டோபமைனைக் கசியவிட்டு, அதே புரதங்களைத் தலைகீழாக ஓடவைத்து வெளியே தள்ளுகிறது. இரண்டையும் "தூண்டு மருந்து" என்ற ஒரே பெயரில் அடக்கினாலும் செயல்முறை வேறு. ஆம்ஃபெட்டமைனில் கண்ட வயது வித்தியாசத்தை மெத்தில்ஃபெனிடேட்டுக்கு அப்படியே ஏற்றக்கூடாது.

இனி வயதுக்கு வருவோம். எலியின் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் டோபமைன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் தேவைக்கு மேல் முளைத்து, சுமார் 40ஆம் நாளில் உச்சம் தொட்டு, பிறகு வெட்டிக் குறைக்கப்படுகின்றன. 1990களில் மார்ட்டின் டெய்ச்சரும் சூசன் ஆண்டர்சனும் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. இந்த ஏற்றஇறக்கம் ஆண் எலிகளில் மிகத் தெளிவாகவும் பெண் எலிகளில் மங்கலாகவும் தெரிகிறது. திட்டமிடவும் அடக்கவும் உதவும் முன்நெற்றிப் புறணியில் இந்த வெட்டிக்குறைப்பு இன்னும் தாமதமாகத்தான் நடக்கிறது. ஆக, 35ஆம் நாளில் மருந்து போய்ச் சேரும் மூளை கட்டி முடிக்காத வீடு மாதிரி. ஓர் அறை முடிந்திருக்கும், பக்கத்து அறையில் இன்னும் சாரம் நிற்கும்.

"வேகமுடுக்கி இருக்கிறது, பிரேக் இன்னும் வரவில்லை" என்ற நிலையை அழகாகக் காட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. 1969இல் கேம்ப்பெல், லைட்டில், ஃபைபிகர் மூவரும் வெளியிட்டது. ஆம்ஃபெட்டமைன் 10 நாள் குட்டியையே ஓடவைத்தது. ஆனால் மூளையில் பிரேக் போல ஓட்டத்தை அடக்கும் அசிட்டைல்கோலின் அமைப்பைத் தடுத்து வளர்ந்த எலியை ஓடவைக்கும் ஸ்கோபோலமின், 10, 15 நாள் குட்டிகளில் ஒன்றும் செய்யவில்லை. 20 நாள் வாக்கில்தான் அதன் விளைவு தெரிய ஆரம்பித்தது. தடுப்பதற்கு பிரேக்கே அங்கு இல்லை, அதனால்தான். ஒரு மருந்தின் விளைவு எந்த வயதில் தோன்றுகிறது என்பதை வைத்தே மூளையின் எந்தப் பாகம் எப்போது பணிக்கு வருகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

படி 3: டோஸ், கொடுக்கும் வழி, அன்றைய எடை

எலி ஆய்வுகளில் மெத்தில்ஃபெனிடேட் டோஸ் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம் வரையும் அதற்கு மேலும் போகிறது. இந்த இடைவெளி சிறியதல்ல. 2006இல் கிரெய்க் பெரிட்ஜ் குழு காட்டியது போல, குறைந்த டோஸில் மருந்து முக்கியமாக முன்நெற்றிப் புறணியில் டோபமைனையும் நார்எபினெஃப்ரினையும் உயர்த்துகிறது, ஓட்டத்தைக் கூட்டுவதில்லை. அதிக டோஸில் படம் மாறி, ஓட்டம் எகிறுகிறது. முதலாவது சிகிச்சைக்கு நெருக்கமானது. இரண்டாவது போதைப் பயன்பாட்டுக்கு நெருக்கமானது. 10 மில்லிகிராம் ஊசியில் கிடைத்த முடிவை வைத்து "சிகிச்சை மருந்து இப்படிச் செய்கிறது" என்று எழுதுவது தவறு.

வழியும் முக்கியம். பெரும்பாலான ஆய்வுகள் வயிற்றறைக்குள் ஊசி போடுகின்றன. குழந்தைகளோ மாத்திரை விழுங்குகிறார்கள். வாய் வழியாகப் போகும் மருந்து மெதுவாக ஏறுகிறது, ஒரு பகுதி கல்லீரலைத் தாண்டும் முன்பே சிதைகிறது. அதனால் அதே மில்லிகிராம் மூளையில் குறைவாகவே எட்டிப்பார்க்கிறது. 2002இல் குசென்ஸ்கியும் சீகலும் வளரிளம் எலிகளுக்குக் குறைந்த அளவை வாய் வழியாகக் கொடுத்தபோது, நார்எபினெஃப்ரின்தான் முதன்மையாக உயர்ந்தது. தொடர்ந்து கொடுத்தும் மருந்துக்கான எதிர்வினை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகவில்லை. ஊசி ஆய்வுகளைப் படித்துப் பதறுபவர்கள் இந்த ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மில்லிகிராமை எலியிலிருந்து மனிதருக்கு மாற்ற உடல் மேற்பரப்புக் கணக்கு ஒன்று பயன்படுகிறது. எலியின் கிலோவாரி டோஸைச் சுமார் 6.2ஆல் வகுத்தால் வளர்ந்த மனிதருக்கான இணை டோஸ் கிடைக்கும். இது தோராயம்தான். எலி இந்த மருந்தை நம்மைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. முடிந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பாருங்கள், அதுவும் ஒவ்வொரு வயதிலும் தனித்தனியாக. குட்டியின் கல்லீரலும் சிறுநீரகமும் வளர்ந்த எலியுடையதைப் போல் வேலை செய்வதில்லை. மூளை வித்தியாசம் என்று நாம் நினைத்தது வெறும் கல்லீரல் வித்தியாசமாக இருந்துவிடலாம்.

அப்புறம் எடை. வளரிளம் எலியின் எடை ஒரே நாளில் 5 கிராமுக்கு மேல் கூடும். போன வாரத்து எடையை வைத்து இந்த வாரம் டோஸ் கணக்கிட்ட பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். வளர்ந்த எலியில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை. இளம் எலியில் அதற்குப் போய்ச் சேரும் மருந்து ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போகும், நீங்கள் அதை "மருந்து பழகிவிட்டது" என்று எழுதிவிடுவீர்கள். தினமும் காலையில் எடை போடுங்கள்.

படி 4: எந்த நடத்தையை அளக்கிறீர்கள்

திறந்த பெட்டியில் எலியை விட்டு, அது எத்தனை ஒளிக்கற்றைகளைக் கடக்கிறது என்று எண்ணுவதுதான் மிகச் சாதாரண முறை. எளிது, மலிவு, ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும்? தூண்டு மருந்தின் டோஸைக் கூட்டக் கூட்ட ஓட்டம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் எலி ஓடுவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் நின்று முகர்ந்துகொண்டே இருக்கும், தலையை ஆட்டும், நக்கும், கம்பியைக் கடிக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த நிலைக்கு வந்துவிட்டால் ஒளிக்கற்றை எண்ணிக்கை இறங்கிவிடும். கருவி "எலி அமைதியாகிவிட்டது" என்று சொல்லும். உண்மையில் மருந்தின் பிடி உச்சத்தில் இருக்கிறது. இரண்டு வயதுகளை ஒப்பிடும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. ஒரு வயதின் வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்ற வயதின் வளைவு இறங்கத் தொடங்கியிருக்கலாம். அந்த ஒரே டோஸில் ஒப்பிட்டால், எதிர்வினை அதிகமான எலியைக் குறைவான எலி என்று எழுதிவிடுவோம்.

இதற்குத் தீர்வு இரண்டுதான். குறைந்தது மூன்று டோஸ் வையுங்கள். வீடியோவைப் பார்த்து, எலி எந்த வயது, என்ன டோஸ் என்று தெரியாத ஒருவர் முகர்தல், தலையாட்டல், நக்கல் எல்லாவற்றையும் மதிப்பெண் போடட்டும்.

ஓட்டத்தைத் தாண்டி இடவிருப்பச் சோதனை (மருந்து கிடைத்த இடத்தை எலி நாடுகிறதா, தவிர்க்கிறதா என்று பார்ப்பது), புதுப்பொருள் அடையாளம் காணும் சோதனை, பதற்றத்தை அளக்கும் உயர்த்திய கூட்டல் குறிப் பாதை எல்லாம் உண்டு. கவனத்தை நேரடியாக அளக்கும் ஐந்து துளைச் சோதனைக்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவை. 28ஆம் நாளில் பயிற்சியைத் தொடங்கினால் எலி தேர்ச்சி பெறும்போது வளர்ந்துவிட்டிருக்கும். வளரிளம் எலியின் ஓட்டத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அதன் கவனத்தைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருப்பதற்கு இந்த எளிய நேரச் சிக்கலும் ஒரு காரணம்.

படி 5: மருந்து இல்லாத எலியை முதலில் பாருங்கள்

1983இல் ஸ்பியரும் பிரேக்கும் எழுதிய புகழ்பெற்ற மறுஆய்வு சொல்வது இது: வளரிளம் பருவ எலிகள் மருந்து இல்லாமலேயே குட்டிகளையும் வளர்ந்தவற்றையும்விடத் துறுதுறுவென்று இருக்கின்றன. ஆம்ஃபெட்டமைன் போன்றவற்றின் தூண்டலுக்கு அவை குறைவாகவே எதிர்வினை காட்டுகின்றன. டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடாலுக்கோ அதிகமாக எதிர்வினை காட்டுகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏற்கெனவே நிறைய ஓடுகிற எலிக்கு மேலே ஏற இடம் குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கும் எலிக்கு நிறைய இடம். மணிக்கு 400 கற்றைகளைக் கடக்கும் இளம் எலி மருந்துக்குப் பின் 600 கடந்தால் அது 50 சதவீத உயர்வு. 200 கடக்கும் வளர்ந்த எலி 400 கடந்தால் 100 சதவீத உயர்வு. இரண்டிலும் கூடியது அதே 200தான் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை). சதவீதத்தில் சொன்னால் வயது வித்தியாசம் உண்டு, எண்ணிக்கையில் சொன்னால் இல்லை. இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு வயதிலும் உப்புநீர் ஊசி மட்டும் போட்ட குழுவைக் கட்டாயம் வையுங்கள்.

எலியை முன்கூட்டியே பெட்டிக்குப் பழக்குங்கள். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதால், பகல் வெளிச்சத்தில் அளந்தால் தூக்கத்தைக் கலைக்கும் விளைவையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள்.

படி 6: ஒரு முறை கொடுத்தாலா, தொடர்ந்து கொடுத்தாலா

ஒரு முறை கொடுத்துப் பார்ப்பதும் நாள்தோறும் கொடுத்துப் பார்ப்பதும் வேறு வேறு கேள்விகள். தினமும் கொடுக்கும்போது எதிர்வினை கூடிக்கொண்டே போனால் அது சென்சிடைசேஷன், குறைந்துகொண்டே போனால் டாலரன்ஸ். ஹூஸ்டனில் நாச்சம் டாஃப்னியின் ஆய்வகம் இதற்கு 11 நாள் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியது. முதல் நாள் உப்புநீர், அடுத்த ஆறு நாள் மருந்து, மூன்று நாள் ஓய்வு, கடைசி நாள் மீண்டும் மருந்து. டோஸ் கிலோவுக்கு 0.6, 2.5, 10 மில்லிகிராம். தொடக்க நாளையும் கடைசி நாளையும் ஒப்பிட்டால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

இளம் எலியில் இந்தத் திட்டத்துக்கே ஒரு பொறி இருக்கிறது. 11 நாள் வளர்ந்த எலிக்கு ஒன்றுமில்லை. 30ஆம் நாளில் தொடங்கிய எலிக்கு அதுவே வளரிளம் பருவத்தில் முக்கால்வாசி. கடைசி நாளில் நீங்கள் பார்ப்பது மருந்தின் தொடர் விளைவா, எலி வளர்ந்துவிட்டதா? தினமும் உப்புநீர் வாங்கி, அதே கடைசி நாளில் முதன்முறையாக மருந்து வாங்கும் குழு ஒன்று இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு ஆய்வில் இந்தக் குழு இல்லையென்றால், அதன் "இளம் எலியில் சென்சிடைசேஷன்" என்ற முடிவை நான் ஏற்பதில்லை.

படி 7: பாலினம், வம்சம், ஒரே ஈற்றுக் குட்டிகள்

ஆம்ஃபெட்டமைனுக்குப் பெண் எலிகள் பொதுவாக ஆணைவிட அதிகமாக எதிர்வினை காட்டுகின்றன. பூப்படைந்த பின் 4 அல்லது 5 நாள் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. ஆண் எலியை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு, ஆண் எலியைப் பற்றிய ஆய்வு மட்டுமே.

வம்சத்தில் அதிகம் பேசப்படுவது எஸ்.எச்.ஆர். என்ற தானாக இரத்த அழுத்தம் ஏறும் எலி. 1963இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் விஸ்டர் கியோட்டோ என்ற ஆய்வக எலி வம்சத்திலிருந்து உருவாக்கியது. இரத்த அழுத்தம் முழுதாக ஏறும் முன்பே, இளம் வயதில், இதன் மிகைச் செயல்பாடு தெரிகிறது. அதனால் ஏ.டி.எச்.டி. மாதிரியாகப் பயன்படுகிறது. கேத்லீன் கான்டாக் குழு 2011இல் காட்டியது யோசிக்க வைக்கிறது. எஸ்.எச்.ஆர். எலிகளுக்கு வளரிளம் பருவத்தில் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தால் வளர்ந்தபின் நெம்புகோலை அழுத்திக் கோகெயினைத் தானே எடுத்துக்கொள்வது கூடியது. ஒப்பீட்டு வம்சங்களில் அப்படி ஆகவில்லை.

ஒரே தாயின் குட்டிகள் எட்டை ஒரே குழுவில் போட்டுவிட்டு "எட்டு எலிகள்" என்று எண்ணாதீர்கள். அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு குழுவுக்கு ஓர் ஈற்றிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண் போதும். குட்டிகளைத் தனியே அடைத்து வைக்காதீர்கள். விளையாடி வளர வேண்டிய வயதில் தனிமையே நடத்தையை மாற்றிவிடும்.

படி 8: கணக்கு

"இளம் எலியில் விளைவு உண்டு, வளர்ந்த எலியில் இல்லை, ஆகவே வயது வித்தியாசம் உண்டு" என்ற வாதம் செல்லாது. ஒன்று புள்ளியியல் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், மற்றொன்று கொஞ்சம் தவறவிட்டிருக்கும். வயதும் டோஸும் சேர்ந்து மாறுகின்றனவா என்ற இடைவினையை நேரடியாகச் சோதிக்க வேண்டும். கட்டுரையில் அந்த ஒரு எண் இல்லையென்றால் மற்ற எண்கள் எத்தனை இருந்தும் பயனில்லை.

படி 9: மனிதருக்கு மாற்றிப் படிக்கும்போது

1937இல் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்து, பலர் அமைதியடைந்து படிப்பில் முன்னேறியதைப் பதிவு செய்தார். பெரியவர்களைத் தூண்டும் மருந்து குழந்தைகளை அடக்குகிறதே என்று அப்போதிருந்தே "முரண் விளைவு" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. 1978இல் ஜூடித் ராப்போபோர்ட் குழு, எந்தச் சிக்கலும் இல்லாத 14 சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் கொடுத்துப் பார்த்தது. அவர்களுடைய அசைவும் குறைந்தது, கவனமும் கூடியது. ஆகவே மருந்து எடுத்து அமைதியாவது நோய்க்கான அடையாளம் அல்ல. எலியில் வயதைக் குறித்துக் கேட்கும் கேள்விகளை இதே நிதானத்தோடுதான் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலி ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டுக் குழந்தையின் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். எழுந்த கேள்வியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆரோக்கியமான எலிக்கு ஊசியில் கொடுத்ததும், தேவையுள்ள குழந்தைக்கு வாய் வழியாக அளந்து கொடுப்பதும் ஒன்றல்ல.

படி 10: இரண்டு ஆய்வுகளை எதிரெதிரே வைத்துப் பாருங்கள்

இப்போது இதுவரை பார்த்ததை ஓர் உண்மைப் புதிரில் போட்டுப் பார்ப்போம். 2001இல் பிராண்டன் குழு, 35ஆம் நாளுக்குப் பிறகு ஒரு வாரம்போல, கிலோவுக்கு 2 மில்லிகிராம் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தது. வளர்ந்தபின் அந்த எலிகள் கோகெயினுக்கு அதிகமாக எதிர்வினை காட்டின, குறைந்த டோஸிலேயே அதைத் தாமாக எடுத்துக்கொள்ளப் பழகின. 2002இல் ஆண்டர்சன், கார்லெசான் குழு அதே 2 மில்லிகிராமை 20 முதல் 35ஆம் நாள் வரை தினமும் இரண்டு முறை கொடுத்தது. வளர்ந்தபின் இந்த எலிகளுக்கு மிதமான கோகெயின் பிடிக்காமலே போனது. 2003இல் போலன்யோஸ் குழு அதே காலகட்டத்தில் கொடுத்தபோது, சர்க்கரைநீர் போன்ற இயல்பான இன்பங்களில் நாட்டம் குறைந்து, பதற்றம் தரும் சூழல்களுக்கு எதிர்வினை கூடியது.

ஒரு பக்கம் "போதைக்கு வழிவகுக்கிறது" என்று தலைப்பு வந்தது, மறுபக்கம் "போதையிலிருந்து காக்கிறது" என்று வந்தது. பிராண்டன், ஆண்டர்சன் குழுக்கள் இரண்டும் சரியாகத்தான் அளந்தன. ஆனால் மேலே சொன்ன படிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மருந்து கொடுத்த வயது வேறு: ஆண்டர்சன் குழு கொடுத்தது பூப்புக்கு முன், பிராண்டன் குழு கொடுத்தது அதன் வாசலில். கொடுத்த நாள்களும் ஒரு நாளின் மொத்த அளவும் வேறு. அளந்த நடத்தையும் வேறு, பிராண்டன் ஆய்வில் தானே எடுத்துக்கொள்வது, ஆண்டர்சன் ஆய்வில் இடவிருப்பம். இத்தனையும் ஒன்றாக மாறியிருக்கும்போது, திசை திரும்பியதற்கு வயதுதான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கும். எனக்கும் அதுதான் காரணம் என்றே தோன்றுகிறது. ஆனால் இந்த இரண்டு கட்டுரைகளை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது.

நிறுவ வேண்டுமென்றால் சோதனை இப்படி இருக்க வேண்டும். 20, 35, 60 ஆகிய மூன்று நாள்களில் தொடங்கும் மூன்று குழுக்கள். எல்லாவற்றுக்கும் அதே டோஸ், அதே வழி, அதே எண்ணிக்கையிலான நாள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி உப்புநீர்க் குழு, ஆணும் பெண்ணும். பிறகு ஒவ்வொரு குழுவையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மருந்து நின்று 30ஆம் நாளிலும், மறுபாதியை எல்லாருக்கும் பொதுவான ஒரே வயதில், 120ஆம் நாளிலும் சோதிக்க வேண்டும். முதல் பாதியில் ஓய்வுக் காலம் ஒன்றாக இருக்கும், வயது மாறும். இரண்டாம் பாதியில் வயது ஒன்றாக இருக்கும், ஓய்வுக் காலம் மாறும். நிறைய எலிகள் வேண்டும், நிறைய மாதங்கள் வேண்டும், ஆகவே நெறிமுறைக் குழுவிடம் ஒவ்வொரு எலிக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்ல இந்தக் கேள்வியால் முடியும்.